ராஜா கட்டிலில் ஒரு கூஜா தண்ணீர்

“ஐயா, நீங்களே சொல்லுங்க. மெத்தையில தண்ணியைக் கொட்டுனது இவங்கதானே?” என்று மேனேஜர் என்னிடம் கேட்டார்.

ஒரு காலத்தில் அரண்மனை, இப்போது ஒன்பதே அறைகள் உள்ள ஹோட்டல். எல்லோருக்கும் ஒரே நீள மேசையில்தான் காலைச் சாப்பாடு. மற்ற அறைக்காரர்கள் எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்தார்கள். ஓசியில் வேடிக்கை கிடைத்தால் யார்தான் விடுவார்கள்.

அறைகளைச் சுத்தம் செய்யும் அந்தப் பெண் சுவரோரம் நின்றாள். நாற்பது வயதிருக்கும். கையில் காலிக் கூஜா.

தண்ணீர் கொட்டியது லேசுப்பட்ட இடத்தில் இல்லை. என் அறையிலிருந்த, ராஜா படுத்த கட்டில். அதன் அளவுக்கென்றே கையால் தைத்த பஞ்சு மெத்தை. போன மாதம்தான் அவள் ஒரு பீங்கான் ஜாடியை உடைத்தாளாம். இன்னொரு தப்பு நடந்தால் வேலை போய்விடும் என்று அப்போதே எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் விருந்தாளி தன் வாயால் குற்றம் சொன்னால்தான் இங்கே வேலையாளுக்குத் தண்டனை. ராஜா காலத்து நியாயமாம், இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

என் மகன் கோபத்தில் குதித்துக்கொண்டிருந்தான். என் எழுபதாவது பிறந்தநாளுக்கு அந்த அறையைப் பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். மருமகள் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

சம்பந்தி எனக்கு நேர் எதிரே இருந்தார். என் வயதுதான், தினமும் நாலு மைல் நடக்கிற மனிதர். அவரிடம் தோற்கக் கூடாதென்று முந்தின நாள் சாயங்காலம்தான் எனக்குச் சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, உடம்பு இரும்பு என்று அளந்துவிட்டிருந்தேன்.

நான் முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் செக்கர். அழுதவர்களையும் காலில் விழுந்தவர்களையும் பார்த்தவன். பொய்யென்றால் பொய் என்று முகத்துக்கு நேரே சொல்லி, நடுரோட்டில் இறக்கிவிட்டவன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு தடவை என்னைப் பார்த்துத் தொலைத்திருந்தால் என் வாய் வேறு மாதிரி திறந்திருக்குமோ என்னவோ. இதுவும் சால்ஜாப்புதான்.

“ஆமா, அவங்கதான் கொட்டினாங்க,” என்றேன்.

அது பொய்யில்லை.

அவள் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். சம்பந்தி ரொட்டியில் வெண்ணெய் தடவ ஆரம்பித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்று காலை ஆறு மணிக்கு அவள் என் அறைக்குக் காபியோடு வந்தபோது, நான் குளியலறையில் என் பைஜாமாவை அலசிக்கொண்டிருந்தேன். விரிப்பைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியாயிற்று. மெத்தையை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அவள் மெத்தையில் கை வைத்துப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேசை மேலிருந்த கூஜாவை எடுத்து, அந்த ஈரத்தின் மேலேயே நிதானமாகக் கவிழ்த்தாள்.

“யாராச்சும் கேட்டா, நான் கொட்டிட்டேன்னு சொல்லிடுங்கப்பா.”