அப்பாவாச்சும்

"மூணாவது தடவையும் அசைஞ்சுட்டா மகாராணி."

மைக்கை அணைக்காமலேயே சொன்னாள் மவ்லுதா. எந்திரத்துக்குள் படுத்திருந்த ஒன்பது வயது ஷஹ்லோவுக்கும் அது கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

தாஷ்கண்டில் பன்னிரண்டு வருஷமாக ஸ்கேன் எடுக்கிறவள் மவ்லுதா. செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளைகளைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

ஷஹ்லோவின் வயிற்றில் இருப்பது, இரண்டு வருஷம் முன்பு அவள் அம்மா ஓசோதா கொடுத்த சிறுநீரகம். இந்த மாத ரத்தப் பரிசோதனை சரியில்லை. முன்பென்றால் நேரே ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்ப்பார்கள். இப்போது இங்கே, சிறுநீரகத்துக்குள் நீர் எப்படிப் பரவுகிறது என்று முதலில் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. அசையாமல் படுத்திருந்தால் போதும்.

இவளோ, படம் முடியப்போகிற நேரம் பார்த்து இடுப்பை ஒரு திருப்புத் திருப்பினாள்.

நாலு வயசுப் பிள்ளைகளெல்லாம் மரக்கட்டை மாதிரிக் கிடக்கும்போது இவளுக்கு மட்டும் என்ன கேடு என்று மவ்லுதா பொரிந்தாள். ஓசோதா உள்ளே போய், புது கவுன் வாங்கித் தருவதாக மகளைக் கெஞ்சிப் பார்த்தாள்.

"நீங்க கொஞ்சிக் கொஞ்சித்தான் இவ இந்த ஆட்டம் ஆடுறா. வெளிய போய் உட்காருங்க. நான் பேசிக்கிறேன்."

ஓசோதா தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாள். மவ்லுதா கதவைச் சாத்திவிட்டு, படுக்கையை எந்திரத்திலிருந்து வெளியே இழுத்தாள்.

"அம்மா வயித்தைக் கிழிச்சுக் குடுத்தது உனக்கு அவ்வளவு இளக்காரமாப் போச்சா? வேணும்னுதானே அசையுறே?"

ஷஹ்லோ மேலே கூரையைப் பார்த்தபடி, ஆமாம் என்று தலையாட்டினாள்.

இவ்வளவு நெஞ்சழுத்தத்தை மவ்லுதா எதிர்பார்க்கவில்லை.

"ஏன்டி?"

"படத்துல கெட்டுப்போச்சுன்னு வந்தா, அப்பா தன்னோடதக் குடுத்துடுவாராம். நேத்து அம்மாகிட்ட சொல்லிட்டிருந்தாரு. அம்மா இப்பவும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுதான் எந்திரிக்கிறாங்க."

கூரையிலிருந்து கண்ணை எடுத்து மவ்லுதாவைப் பார்த்தாள்.

"அப்பாவாச்சும் முழுசா இருக்கட்டும், அத்தை."