ஆறாம் பாகத்தின் பகல் காட்சி

இப்போதெல்லாம் ஜனங்கள் காசு கொடுத்துப் படத்துக்கு வந்துவிட்டு, திரையை விட்டுக் கைபேசியைப் பார்க்கிறார்கள். முன்வரிசையில் ஒருவன் குறட்டையே விடுகிறான். வேறு நாளாக இருந்தால் எழுப்பித் திட்டியிருப்பேன். இன்று அந்தக் குறட்டை காதுக்கு இதமாக இருக்கிறது. திரையில், செத்தும் எழுந்து நடக்கிற ஜாம்பிகள் ஆறாவது பாகமாக ஊரைத் துரத்துகின்றன. அவற்றில் பாதி என் மகன்தான். சண்டைக் கலைஞன் அவன். முகச்சாயத்தை மாற்றி மாற்றி அவனையே சாகடிக்கிறார்கள். மாடியிலிருந்து ஒரு ஜாம்பி கார் மேல் விழுகிறது. "அதுவும் நான்தாம்ப்பா" என்கிறான், பக்கத்தில் இடுப்புப் பட்டையோடு உட்கார்ந்திருப்பவன். அந்தக் குதிப்பில் வந்த இடுப்பு வலி அது. அடுத்த பாகத்தில் இன்னும் உயரம் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள், இவனும் தலையாட்டியிருக்கிறான். பயப்பட வேண்டிய இடத்தில் யாரோ சத்தமாகக் கொட்டாவி விட, அரங்கமே சிரிக்கிறது. கதவு திறந்து திறந்து வெயில் உள்ளே விழுகிறது. ஆட்கள் வெளியே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

"படம் படுத்துடுச்சு மாமா" என்று கிசுகிசுக்கிறாள் மருமகள். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! "இனிமே ஏழாவது எடுக்க மாட்டாங்க. இவர் குதிக்க வேணாம்."

"பொழப்பு போச்சேன்னு அழறதா, இடுப்பு தப்பிச்சுதேன்னு சிரிக்கிறதா?" என்கிறான் மகன்.

"சிரிடா."

விளக்குகள் எரிகின்றன. எனக்கும் மூச்சு தாராளமாக வருகிறது. ஆனாலும் இந்தப் படக்காரர்களை நம்புவதற்கில்லை.

"செத்தவனையே ஆறு தடவை எழுப்பினவனுங்கம்மா, செத்த படத்தை எழுப்ப மாட்டானுங்களா?" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, வெயிலைப் பார்த்து நடக்கிறேன்.