தேத்தண்ணி

புகலிட விசாரணையில் நீதிபதி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: “உங்கட மனுசனைப் பிடிச்சுக்கொண்டு போக வந்த ஆமிக்காரருக்குத் தேத்தண்ணி குடுத்தனீங்களோ?”

“ஓம். வீட்டுக்கு வந்தவைக்குக் குடுக்காமல் விடுறதே?” என்றாள் பூமலர். எதையும் மறைக்கக்கூடாது என்று வழக்கறிஞர் சொல்லியிருந்ததால், “சீனி காணுமோ, இன்னும் போடவோ எண்டும் கேட்டனான்” என்று சேர்த்துக்கொண்டாள். அன்று ஆமிக்காரருக்கு நீட்டிய தட்டில் கோப்பை கடகடத்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

உயிருக்குப் பயந்தவர் உபசரிக்கமாட்டார், ஆகவே அங்கே நடந்தது துன்புறுத்தல் அல்ல என்றது தீர்ப்பு. புகலிடம் மறுக்கப்பட்டது.

ஒரு காலையில், அவளைத் திருப்பி அனுப்புவதற்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். உடுப்புகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பூமலர் அவர்களை உட்காரவைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

நீட்டிய தட்டில் கோப்பை கடகடத்தது. “சீனி காணுமோ?” என்றாள்.