பன்னிரண்டுக்கு அனுமதி

பரிசோதனைக்கு வந்த அதிகாரி உம்மு குல்சும் இரண்டாம் முறையும் விரலை நீட்டி எண்ணினார். பாயில் பன்னிரண்டு பிள்ளைகள். சுவரில் மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழிலும் பன்னிரண்டுதான்.

“எண்ணிக்கை சரி தங்கச்சி,” என்று கதிரையில் அமர்ந்து கோப்பைத் திறந்தார். கீர்த்தனி தேநீர் வைத்தாள். அவளது பகல் பராமரிப்பு நிலையத்தின் அனுமதி இந்த மாதத்தோடு முடிகிறது. இவர் கையெழுத்து வைத்தால்தான் பிழைப்பு.

மிச்சம் ஏழு பிள்ளைகள் பின் ஒழுங்கையில், அவள் புருசனின் மீன் லொறிக்குள் இருந்தார்கள். தாய்மார் விடிய ஆறு மணிக்கே நண்டுக் கொம்பனிக்குப் போகிறவர்கள். இடமில்லை, ஏலாது என்று கீர்த்தனி சொன்னால் வாசலில் நின்று அழுவார்கள். பரிசோதனை வருகிற நாளில் அலுவலகத்தில் ஒருவன் போன் பண்ணிச் சொல்வான். இன்று அவன் சொன்னபோது அரை மணித்தியாலம்தான் இருந்தது.

புல்மோட்டையிலிருந்து ஐஸ் உருகாமல் மீன் கொண்டுவரச் செய்த பெட்டி அது. காற்றுப் புக வழியில்லை. கதவின் கொண்டி வெளியே.

சத்தம் போடாமல் இருந்தால் ஐஸ்கிறீம் என்று சொல்லித்தான் பூட்டினாள். ஆனாலும் உள்ளே இருந்து தட்டிக்கொண்டே இருந்தார்கள். உம்மு குல்சும் வாசலுக்கு வரச் சற்று முன்தான் அது நின்றது. நல்ல காலம் என்று அப்போது நினைத்தாள்.

தட்டல் நின்று இருபது நிமிடமாகிவிட்டது. உதவிக்காரியும் இன்று லீவு, அனுப்ப ஆளில்லை. வந்தவர் அவசரப்படவில்லை. குசினியைப் பார்த்தார், கழிப்பறையைப் பார்த்தார், தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். சேலைக் கரையில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. சந்தைப் பக்கம் போய் வந்திருப்பார்.

அலுமாரியின் மேல் கிடந்த மூச்சுப் பம்பைக் கையில் எடுத்தார்.

“இது ஆருக்கு? முட்டுக்காரப் பிள்ளை இருக்கா?”

அது திலக்சனுடையது. மூன்று வயது, மூச்சு முட்டு உள்ளவன். லொறிக்குள் இருக்கிறான்.

“இல்லை மிஸ். அது என்ர.”

“முட்டு பொல்லாத வருத்தம்,” என்று கப்பை நீட்டி இன்னும் கொஞ்சம் தேநீர் கேட்டார். கீர்த்தனி ஊற்றிக் கொடுத்தாள்.

எழும்பிப் போய்க் கொண்டியைத் தட்டினால் போதும். ஏழும் வெளியே வரும். அதோடு நிலையத்துக்கும் பூட்டு. கீர்த்தனி காதைப் பின்பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு இருமல்கூட இல்லை.

“வேற ஒண்டும் சொல்ல இல்லையா தங்கச்சி?”

“இல்லை மிஸ்.”

உம்மு குல்சும் பேனையை மூடினார். கையெழுத்து வைக்கவில்லை.

“ஏழு பேரும் என்ட வாகனத்துல, டிரைவரோட இருக்காங்க. நீங்க எப்ப எழும்புவீங்க எண்டுதான் பாத்துக்கிட்டு இருந்தன்.”