மூன்றாவது அடி

“பொடி மீனையெல்லாம் வாரிக்கிட்டு வர்றியாமே? வலைக்கண்ணை அளக்கணும். சிறுசா இருந்தா லைசென்ஸ் போச்சு!” மீன்வள அதிகாரியின் குரல் கரையில் நின்ற ஜீப் வரை கேட்டது.

படகுக்காரன் அவரை என்ஜின் அறைக்குள் தள்ளி, இரும்புக் கம்பியால் தோளில் ஒன்று போட்டான். இரண்டாவதில் மூக்கு உடைந்தது.

அதிகாரி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “போதும் மச்சான், பேசினபடி ரெண்டு ஆச்சு. யாரோ தாக்கினதால அளக்க முடியலைன்னு அறிக்கை எழுதிடறேன். நாளைக்குள்ள வலையை மாத்திடுங்க.”

மூன்றாவது அடி அவரது வலது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்தது.

“ஐயோ மச்சான், அது எழுதுற கை! இனி எவன் அறிக்கை எழுதுவான்? உங்க லைசென்ஸ் போயிடும்!”

“போகட்டும். என் தங்கச்சியை அடிக்கிற கையும் அதுதானே, மாப்பிள்ளை?”