அம்மா கேட்ட கோட்டு

"என் கோட்டு எங்கடி?"

அம்மா கேட்டதும் அக்காவின் முகம் செத்துவிட்டது.

பள்ளிக்கூட ஹாலில் ஊரே கூடியிருந்தது. அக்கா ஊலிபிகாவின் படைப்பு மாண்ட்ரியல், டொராண்டோ என்று சுற்றிவிட்டு, இப்போதுதான் ஒரு வாரத்துக்கு வடகடலோரத்து எங்கள் ஊருக்கு வந்திருக்கிறது. மேசையில் தேநீரும் உறைமீனும் இருந்தும் யாரும் தொடவில்லை.

சுவரில் இருந்தது அம்மாவின் கடல்நாய்த்தோல் கோட்டு. பிள்ளையைச் சுமக்க முதுகில் பெரிய பை வைத்தது. அக்காவும் நானும் அந்தப் பைக்குள்தான் வளர்ந்தோம்.

இப்போது தையல் பிரித்து, பலகையில் தட்டையாக ஒட்டி, பழைய புகைப்படங்களும் கலைமான் கொம்பும் பதித்து, கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். தெற்கே யாரோ விலைக்கு வாங்கியும் விட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு விமானம் ஏறும்போது அம்மா படித்துப் படித்துச் சொன்னாள்.

"கோட்டை யாரும் தொடாதீங்க. நான் எப்படியும் வந்துருவேன்."

அக்காவுக்குப் பொறுமை ஏது! கண்காட்சிக்கு நாள் குறித்தாயிற்று என்று அந்தக் குளிர்காலமே கத்தியை எடுத்துவிட்டாள். கொஞ்சம் பொறு என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே?

வசந்தத்தில் அம்மா சொன்னபடியே வந்துவிட்டாள்.

விருது வாங்கிய கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அக்கா திருதிருவென்று விழித்தாள். பிறகு சுவரைக் காட்டினாள்.

அம்மா கோட்டைப் பார்த்தாள். பையைத் தேடினாள். பை இருந்த இடம் தட்டையாக இருந்தது.

அக்காவிடம் திரும்பி இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"அப்ப என்னை எதுலடி சுமப்பே?"

அம்மாவுக்கு மூன்று வயது.

ஆஸ்பத்திரியிலிருந்து சவப்பெட்டியில் வந்த, எங்களைப் பெற்றவளைக் கல்லடுக்கி மூடினோம். அந்த வசந்தத்தில் எனக்குப் பெண் பிறந்தாள். நிவியாக் என்று அம்மா பெயரை வைத்தோம். பெயர் வந்தால் ஆளும் வந்த மாதிரிதான் எங்களுக்கு. அன்றிலிருந்து அவள்தான் எங்கள் அம்மா.

புதுக் கோட்டு எத்தனை வேண்டுமானாலும் தைக்கலாம். தன்னைச் சுமந்த பையிலேயே அம்மாவைச் சுமக்க அக்காவுக்கு இனி வழியில்லை. அது அவளுக்கும் தெரியும். பாவம்.

அம்மாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஊர் பார்க்க, அக்கா விம்மி விம்மி அழுதாள்.

அம்மா தன் சட்டைக் கையை இழுத்து, அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள்.