பெயர் எழுதாத கேன்

ஐந்து லிட்டர் வெள்ளைக் கேனை லேப் கவுண்டரில் வைத்தேன்.

உள்ளே இருப்பது நான். நேற்றுக் காலை ஆறு மணியிலிருந்து இன்று காலை ஆறு மணிவரை, ஒரு சொட்டு சிந்தாத நான்.

இருபத்துநாலு மணி நேரத்தில் என் சிறுநீரகம் எவ்வளவு யூரியாவை வெளியே தள்ளுகிறது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். நிறையத் தள்ளினால் எனக்குச் சாம்பார் உண்டு. குறைந்தால் ஆயுசுக்கும் இல்லை. நாற்பது நாளாகச் சுரைக்காயும் ரசமும்தான். அந்த ரசத்திலும் பருப்புத் தண்ணீர் கிடையாது.

யூரியா விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முப்பத்தொரு வருஷம் உரத் தொழிற்சாலையில் அதைத்தான் செய்தேன். அமோனியாவையும் கரியமில வாயுவையும் நூற்றெண்பது டிகிரி சூட்டில், நூற்றைம்பது மடங்கு காற்றழுத்தத்தில் வைத்து நெரிக்க வேண்டும். நாங்கள் நானூறு பேர், மூன்று ஷிப்ட். என் கல்லீரல் அதே யூரியாவைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒரு யூனியன்கூட இல்லாமல் செய்துவிடுகிறது.

என்னை அழைத்துவந்தது மாப்பிள்ளை ஜெயந்த். அவருடைய டீசல் வண்டியும் யூரியா குடிக்கும். அது சூட்டில் அமோனியாவாகி, புகையில் இருக்கும் நஞ்சை முறிக்குமாம். அதற்காக டிக்கியில் எப்போதும் ஒரு கேன் இருக்கும். என் கேனோடு ஜோடியாக வாங்கிய அதே வெள்ளைக் கேன். இன்று டிக்கியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.

ஏரவாடா சிக்னல் தாண்டியதும் யூரியா தீர்ந்தது என்று வண்டி கத்த ஆரம்பித்தது. அணைத்தால் மறுபடி கிளம்பமாட்டேன் என்று மிரட்டலும் வேறு. ஜெயந்த் ஓரங்கட்டி, டிக்கியைத் திறந்து, கேனை எடுத்து ஊற்றிவிட்டு வந்தார்.

புனேயில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், எழுத்து என்றால் திணறல். இன்று முகமெல்லாம் பெருமை.

“மாமா, நானே எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டேன். யூ... ரி... யா.”

சபாஷ் என்றேன். வண்டி மறுபேச்சில்லாமல் கிளம்பியது. வழியெல்லாம் ஒரு இருமல்கூட இல்லை.

கவுண்டரில் இருந்த பெண் கேனைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஆஜோபா, நாவ்?”

தாத்தா என்று கூப்பிட்டுப் பெயர் கேட்கிறாள். பெயர் எப்படி இருக்கும்? என் மனைவி வேதநாயகி நாற்பத்தாறு வருஷத்தில் என் பெயரை வாயால் சொன்னதில்லை, கேனிலா எழுதுவாள்? உள்ளே இருப்பதன் பெயரை எழுதவும் அவளுக்குக் கூச்சம். யோசித்து யோசித்து, கறுப்பு மார்க்கரில், நாகரிகமாக ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள்.

யூரியா.

நானும் கேனைத் திருப்பினேன். நாலு பக்கமும் வெறும் வெள்ளை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே வண்டி, என்னைக் குடித்துவிட்டு, சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது.

என் முன்னால் இருந்த வண்டிக் கேனில் மூன்றில் ஒரு பங்கு சுத்தமான யூரியா. இப்படி ஒரு சிறுநீரகம் யானைக்கும் கிடையாது.

அந்தப் பெண் மார்க்கரை நீட்டி மறுபடி கேட்டாள். நாவ் என்றால் மராத்தியில் பெயர். தமிழ்க் காதுக்கு அது நாக்கு.

நாற்பது நாளாகச் சாம்பார் காணாத நாக்குதான் பதில் சொன்னது. மூடியை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு, கொட்டை எழுத்தில் எழுதினேன்: கோவிந்தராஜ், வயது எழுபத்தாறு.